மூன்று கட்டப் பாடம்

மூன்று கட்டப் பாடம் என்பது மழலையர் கல்வியில் ஓர் ஆசிரியர் ஒரு குழந்தையுடன் தனியே அமர்ந்து, ஒரு பொருளின் அல்லது பண்பின் பெயரைக் கற்பிக்கப் பயன்படுத்தும் உரையாடல் முறை ஆகும். பெயரைச் சொல்லுதல், பெயரைக் கேட்டுப் பொருளை அடையாளம் காணச் செய்தல், குழந்தையே பெயரை நினைவுகூர்ந்து சொல்லச் செய்தல் என்னும் மூன்று கட்டங்களைக் கொண்டிருப்பதால் இப்பெயர் பெற்றது. பிரெஞ்சு மருத்துவர் எடுவார் செகேன் (1812–1880) வகுத்த இம்முறையை, இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்ட்டிசோரி (1870–1952) மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளின் கல்விக்கு ஏற்றவாறு அமைத்தார். இன்று உலகெங்கும் உள்ள மாண்ட்டிசோரிப் பள்ளிகளில் ஆசிரியர் பயிற்சியின் அடிப்படைப் பகுதிகளுள் ஒன்றாக இது கற்பிக்கப்படுகிறது.

ஒரு பாடம் பெரும்பாலும் சில நிமிடங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. அதில் ஆசிரியர் சொல்லும் சொற்களும் மிகச் சிலவே. எனினும் அச்சில சொற்களை எப்போது சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, குழந்தை தவறாகச் சொன்னால் என்ன செய்வது என்பன பற்றி இம்முறை தெளிவான நெறிகளைக் கொண்டுள்ளது.

வரலாறு

இட்டாரும் செகேனும்

1800 ஆம் ஆண்டில் பிரான்சின் அவெரோன் பகுதியில் காட்டில் தனியே வாழ்ந்துவந்த ஏறத்தாழ 12 வயதுச் சிறுவன் ஒருவன் பிடிபட்டான். பின்னர் விக்டர் எனப் பெயரிடப்பட்ட அவனுக்கு மொழி கற்பிக்கும் பொறுப்பை மருத்துவர் ழான் மார்க் காசுபார் இட்டார் (1774–1838) ஏற்றார். பல ஆண்டு முயற்சிக்குப் பின்னும் விக்டர் பேசக் கற்கவில்லை. பாலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை அவன் ஒலித்தான். ஆனால் பால் வேண்டும் என்று கேட்பதற்காக அன்று, பாலைக் கண்ட மகிழ்ச்சியிலேயே அச்சொல்லை ஒலித்தான் என இட்டார் பதிவு செய்துள்ளார். ஒரு சொல்லை ஒலிப்பதும் அச்சொல்லைப் பொருளோடு இணைத்துப் பயன்படுத்துவதும் வெவ்வேறு நிலைகள் என்பதை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது.

இட்டாரின் மாணவரான செகேன், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குக் கல்வி அளிப்பதில் ஈடுபட்டார். தம் முறைகளை விளக்கும் பிரெஞ்சு நூலை 1846 இல் வெளியிட்ட அவர், பின்னர் அமெரிக்காவில் குடியேறி, 1866 இல் ஆங்கிலத்திலும் ஒரு நூல் வெளியிட்டார். பொருளையும் பெயரையும் இணைத்தல், பெயருக்குரிய பொருளை இனங்காணல், பொருளைக் கண்டு பெயரை நினைவுகூர்தல் என்ற மூன்று படிகளும் அவரிடமிருந்தே பெறப்பட்டன.

மாண்ட்டிசோரி

உரோமைப் பல்கலைக்கழகத்தில் 1896 இல் மருத்துவப் பட்டம் பெற்ற மாண்ட்டிசோரி, உளநோய் மருத்துவமனையில் பணியாற்றியபோது அங்கிருந்த குழந்தைகளின் நிலையைக் கண்டு இட்டார், செகேன் ஆகியோரின் நூல்களைப் பயிலத் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லின் பொருளையும் நின்று எடைபோட வேண்டும் என்பதற்காக, அவற்றை இத்தாலியத்தில் தம் கையாலேயே எழுதிப் படியெடுத்தார்.

1907 சனவரி 6 ஆம் நாள் உரோமை நகரில், ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் அவருடைய முதல் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. அங்கு மூன்று கட்டப் பாடம், குறைபாடு எதுவும் இல்லாத சிறு குழந்தைகளுக்கும் பயன்படுத்தப்பட்டது. இதன் பட்டறிவை 1909 இல் வெளியான தம் முதல் பெருநூலில் மாண்ட்டிசோரி விளக்கியுள்ளார். அந்நூல் 1912 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பின் இம்முறை பல நாடுகளுக்குப் பரவியது.

இந்தியாவிலும் இலங்கையிலும்

பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பின் பேரில் 1939 நவம்பரில் மாண்ட்டிசோரி தம் மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அங்கு அவர் நடத்திய முதற் பயிற்சி வகுப்பில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்த ஏறத்தாழ 300 பேர் பங்கேற்றனர். 1940 சூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியதால், இத்தாலியக் குடிமக்களான இருவரும் பிரித்தானிய இந்திய அரசின் கட்டுப்பாட்டுக்கு உள்ளாயினர். மாரியோ தடுப்புக் காவலில் வைக்கப்பட்டு, தாயின் 70 ஆவது பிறந்த நாளையொட்டி விடுவிக்கப்பட்டார். 1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கிப் பணியாற்றினர். 1946 இல் ஐரோப்பா திரும்பும்வரை நடந்த பயிற்சிகளின் வழியாக இம்முறை அறிந்த ஆசிரியர்கள் பலர் உருவாயினர்.

இலங்கையில் முன்பள்ளிகளைப் பொதுவாகவே 'மொண்டிசோரி' என அழைக்கும் வழக்கம் உள்ளது. ஆனால் இப்பெயர் வழங்கும் இடங்களில் எல்லாம் இக்கட்டுரையில் கூறப்படும் முறை பின்பற்றப்படுகிறது எனக் கொள்ள இயலாது.

அடிப்படைக் கொள்கைகள்

மாண்ட்டிசோரி தம் நூலில் பாடங்கள் தனியாளுக்கு உரியனவாக இருக்க வேண்டும் என்றார். வகுப்பு முழுமைக்குமான பாடம் அவருக்கு இரண்டாம் நிலையானதே. தனிப்பாடத்துக்கு அவர் மூன்று இயல்புகளை வகுத்தார்.

1. சுருக்கம் – தேவையற்ற எந்தச் சொல்லும் இடம்பெறலாகாது.
2. எளிமை – சொல்லப்படுவது ஐயத்துக்கு இடமின்றி, குழந்தைக்கு எட்டுவதாக இருத்தல் வேண்டும்.
3. புறநிலை – ஆசிரியர் தம்மை முன்னிறுத்தாது, குழந்தையின் கவனம் பொருளின்மீதே நிற்குமாறு செய்தல் வேண்டும்.

இவற்றோடு, ஒரு நேரத்தில் ஒரு புதுமை மட்டுமே என்பதும் ஒரு நெறியாகும். நிறத்தின் பெயரைக் கற்பிக்கும்போது பயன்படுத்தும் பலகைகள் வடிவிலும் அளவிலும் எடையிலும் ஒன்றாக இருந்து, நிறத்தில் மட்டுமே வேறுபடும். 'இது' என்று ஆசிரியர் சுட்டும்போது எதைச் சுட்டுகிறார் என்பதைக் குழந்தை ஊகிக்க வேண்டிய தேவை இதனால் குறைகிறது. சிவப்புப் பந்தைக் காட்டிச் 'சிவப்பு' என்றால், பந்தின் பெயர்தான் சிவப்பு எனக் குழந்தை கருதிக்கொள்ளக் கூடும்.

பாடத்துக்கு முன்

பெயர் கற்பித்தல் முதற்பணி அன்று. குழந்தை முதலில் அப்பொருள்களைக் கையாண்டு, வேறுபாடுகளைப் புலன்களால் உணர்ந்திருக்க வேண்டும். ஒத்த நிறப் பலகைகளை இணை சேர்க்கத் தெரிந்த குழந்தைக்கே நிறங்களின் பெயர் தரப்படும். ஏற்கெனவே அறிந்த ஒன்றுக்குப் பெயர் சூட்டுவதாகவே இப்பாடம் அமைகிறது.

ஆசிரியர் குழந்தை இருக்கும் இடத்துக்குச் சென்று தாழ்ந்த குரலில் அழைப்பார். வகுப்பின் மறுகோடியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது தவிர்க்கப்படும். குழந்தை வேறு வேலையில் ஆழ்ந்திருந்தால் அதைக் கலைப்பதில்லை. வர மறுத்தால் வற்புறுத்துவதும் இல்லை. இருவரும் பாயிலோ சிறு மேசை முன்னோ அருகருகே அமர்வர். ஆசிரியரின் கண்கள் ஏறத்தாழக் குழந்தையின் கண்மட்டத்தில் இருக்கும். பாடத்துக்குரிய இரண்டு அல்லது மூன்று பொருள்களைத் தவிர வேறெதுவும் மேசையில் இருக்கலாகாது.

மூன்று கட்டங்கள்

முதற் கட்டம்: பெயரிடல்

ஆசிரியர் ஒரு பலகையைத் தொட்டு "இது சிவப்பு" என்பார். அடுத்ததைத் தொட்டு "இது நீலம்" என்பார். தெளிவாகவும் நிதானமாகவும் இதனை இருமுறையோ மும்முறையோ கூறுவார். விளக்கமோ கதையோ சேர்க்கப்படுவதில்லை. குழந்தை தானாகவே திரும்பச் சொன்னால் தடுப்பதில்லை. சொல்லச் சொல்லிக் கேட்பதும் இல்லை.

இரண்டாம் கட்டம்: இனங்காணல்

இப்போது பெயரை ஆசிரியர் சொல்ல, பொருளைக் குழந்தை காட்ட வேண்டும். "சிவப்பு எது? காட்டு." "நீலத்தை என் கையில் வை." "சிவப்பை அந்த மூலையில் வை." "நீலத்தை மறைத்துக்கொள்." இவ்வாறு ஏவல்கள் மாறி மாறி வரும். பொருள்களின் இடமும் மாற்றப்படும். கட்டங்களில் மிக நீண்டது இதுவே. குழந்தை பேசாமலே தன் அறிவைக் கையால் வெளிப்படுத்த இது வழி செய்கிறது. அதே வேளையில் பெயரும் பலமுறை காதில் விழுகிறது. கூச்சமுடைய குழந்தைகளுக்கும் பேச்சு தாமதிக்கும் குழந்தைகளுக்கும் இக்கட்டம் சிறப்பாகப் பயன்படுகிறது.

முதற் கட்டத்தில் இறுதியாகச் சொன்ன பெயரையே இக்கட்டத்தில் முதலாவதாகக் கேட்பது பயிற்சியாளர் பலர் கூறும் நடைமுறை ஆகும். அப்பெயர் இன்னும் குழந்தையின் நினைவில் புதிதாக இருப்பதால் தொடக்கம் வெற்றியாக அமைகிறது.

மூன்றாம் கட்டம்: நினைவுகூரல்

ஆசிரியர் ஒரு பலகையைக் காட்டி "இது என்ன நிறம்?" எனக் கேட்பார். முதன்முறையாக இங்கேதான் குழந்தை பெயரைத் தானே சொல்ல வேண்டும். இரண்டாம் கட்டத்தைக் குழந்தை தடையின்றி முடித்த பின்னரே இக்கேள்வி எழும். இம்மூன்று கட்டங்களும் ஒரே நாளில் நிறைவுபெற வேண்டும் என்பதில்லை. மூன்றாம் கட்டம் சில நாட்கள் கழித்துக்கூட வரலாம்.

குழந்தை தவறும்போது

இம்முறையின் தனித்தன்மை மிகுதியும் வெளிப்படுவது இங்கேதான். நீலப் பலகையைக் காட்டிக் குழந்தை "சிவப்பு" என்றால், ஆசிரியர் "தவறு" என்று கூறுவதில்லை. "நன்றாகப் பார்த்துச் சொல்" என்று மீண்டும் கேட்பதும் இல்லை. முந்தைய கட்டத்துக்கு இயல்பாகத் திரும்புவார். அல்லது புன்னகையுடன் பாடத்தை முடித்து, வேறொரு நாள் தொடங்குவார்.

இதற்கு மாண்ட்டிசோரி கூறும் காரணம் வருமாறு: பெயருக்கும் பொருளுக்கும் இடையிலான இணைப்பு அந்நேரத்தில் குழந்தையின் மனத்தில் ஏற்படவில்லை என்பதையே அத்தவறு காட்டுகிறது. அப்போது கண்டித்தால், கற்பிக்க எண்ணிய பெயரைவிடக் கண்டிப்புச் சொல்லே குழந்தையின் மனத்தில் ஆழமாகப் பதியும். மாறாக, தவறுக்குப் பின் வரும் அமைதி அதன் மனத்தைத் தெளிவாக வைத்திருக்கும். அடுத்த பாடம் அதில் எளிதாகப் பதியும்.

இதன்படி, தவறு என்பது குழந்தையின் குற்றம் அன்று; பாடத்துக்குரிய நேரத்தை ஆசிரியர் தவறாகக் கணித்ததன் அறிகுறி ஆகும். தம் கணிப்பைச் சரிசெய்துகொள்ளும் பொருட்டு ஆசிரியர் அதைக் குறித்துக்கொள்வார். தவறு கண்டுகொள்ளப்படாமல் விடப்படுகிறது என இதற்குப் பொருளில்லை. அது குழந்தையிடம் சொல்லப்படுவதில்லை, ஆசிரியரின் குறிப்பேட்டில் இடம்பெறுகிறது என்பதே வேறுபாடு.

மிகுதியான பாராட்டும் இவ்வாறே தவிர்க்கப்படுகிறது. ஒவ்வொரு விடைக்கும் "மிக நன்று" எனக் கூறினால், குழந்தை பலகையைப் பார்ப்பதை விட்டு ஆசிரியரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கும் என்பது இதற்கான விளக்கம்.

பேச்சும் மௌனமும்

கருவி ஒன்றைக் கையாளும் முறையைக் காட்டும்போது ஆசிரியர் பேசுவதில்லை. பேசும்போது கையை அசைப்பதில்லை. சிறு குழந்தை ஒரே நேரத்தில் கையசைவையும் சொல்லையும் பின்தொடர்வது கடினம் என்பதே இதன் அடிப்படை. தண்ணீர் ஊற்றுதல், பொத்தான் இடுதல் போன்ற செயல்கள் மெதுவாக, பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டப்படுகின்றன.

விடைக்காகக் காத்திருக்கும் நேரமும் உரையாடலின் ஒரு பகுதியே. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஏறத்தாழ 1 நொடியே காத்திருப்பதைக் கண்டார். அதனை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன. முன்பு பேசாதவர்களும் பேசத் தொடங்கினர். இவ்வாய்வு மாண்ட்டிசோரி முறையைப் பற்றியது அன்று. எனினும் மூன்றாம் கட்டத்தில் அவசரப்படாமல் காத்திருப்பதன் பயனை இதனுடன் ஒப்பிடலாம்.

தமிழில் பயன்பாடு

இம்முறை இத்தாலிய மொழியில் உருவானது. தமிழில் பயன்படுத்தும்போது மொழி இயல்பு கருதிச் சிலவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

வேற்றுமை உருபு: முதற் கட்டத்தில் 'வட்டம்' என்று கேட்ட குழந்தை, இரண்டாம் கட்டத்தில் 'வட்டத்தைக் கொடு' என்று கேட்கிறது. நீலம், சதுரம், முக்கோணம் போன்ற மகர ஈற்றுப் பெயர்கள் எல்லாம் உருபு ஏற்கும்போது இவ்வாறு வடிவம் மாறுகின்றன. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைக்கு இது பெரும்பாலும் இடராவதில்லை. எனினும் பெயர் முற்றிலும் புதிதாக இருக்கும்போது 'வட்டம் எது? காட்டு' என எழுவாயிலேயே தொடங்கி, பின்னர் உருபேற்ற வடிவுக்குச் செல்வது எளிது.

எழுத்துகள்: எழுத்துகளைக் கற்பிக்க, அட்டையில் உப்புத்தாளை வெட்டி ஒட்டிய எழுத்துகள் பயன்படுகின்றன. குழந்தை விரலால் தடவியபடியே ஒலியைக் கேட்கிறது. இங்கு எழுத்தின் பெயர் அன்று, ஒலியே தரப்படும். 'பானா, டானா' எனப் பழகிய குழந்தையால் அவற்றைச் சேர்த்து 'படம்' என்று படிக்க இயலாது; 'ப', 'ட', 'ம்' என ஒலியாகப் பழகிய குழந்தைக்கு அது எளிதாகிறது. ஒரு பாடத்தில் வடிவிலும் ஒலியிலும் நன்கு வேறுபடும் எழுத்துகளையே தெரிவு செய்ய வேண்டும் என்ற நெறியின்படி, ல–ள–ழ, ர–ற, ந–ன–ண ஆகியவற்றை முதற் பாடத்தில் ஒன்றாகத் தரலாகாது.

வட்டார வழக்கு: ஒரே நிறத்தைத் தமிழ்நாட்டில் 'ஆரஞ்சு' என்றும் இலங்கையில் 'செம்மஞ்சள்' என்றும் வழங்குவர். நாற்காலியை இலங்கையில் 'கதிரை' என்பர். வீட்டில் வழங்கும் சொல்லைக் குழந்தை கூறினால் அது தவறாகாது. பள்ளிச் சொல்லை அதனுடன் கூடுதலாக அளிப்பதே ஏற்புடையது.

எழுத்தை விரலால் எழுதிப் பழகுவது தமிழருக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் மாணவர்கள் மணலில் விரலால் எழுதியபடி எழுத்தை உரக்கக் கூறினர். விசயதசமி அன்று பெரியவர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. உரக்கச் சொல்லலும் கூட்டாகச் சொல்லலும் திண்ணைப் பள்ளியின் இயல்புகள். மூன்று கட்டப் பாடத்திலோ குழந்தை சொல்வது இறுதியிலேயே நிகழ்கிறது.

வகுப்பறை ஒழுங்கமைப்பு

ஆசிரியர் ஒரு குழந்தையுடன் அமர்ந்திருக்கும்போது ஏனைய குழந்தைகள் என்ன செய்வர் என்பது இம்முறைக்கு இன்றியமையாத கேள்வி. மாண்ட்டிசோரி வகுப்பில் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ளோர் ஒன்றாக இருப்பர். கருவிகள் குழந்தைகளின் கைக்கெட்டும் அடுக்குகளில் வைக்கப்பட்டிருக்கும். ஏற்கெனவே காட்டப்பட்ட கருவியை எடுத்துத் தாமே வேலை செய்ய ஒவ்வொருவரும் பழக்கப்பட்டிருப்பர். பல கருவிகளில் பிழை தானே புலப்படும். எடுத்துக்காட்டாக, உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தும்போது ஒன்று இடம் மாறினால் இறுதியில் ஒன்று பொருந்தாமல் எஞ்சும். இதனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆசிரியர் தேவைப்படுவதில்லை. மூத்த குழந்தைகள் இளையோருக்குக் கற்பிப்பதும் உண்டு.

இத்தகைய ஒழுங்கமைப்பு இல்லாத இடங்களில் தனிப்பாடம் நடத்துவது கடினம். இந்தியாவின் 2013 ஆம் ஆண்டு தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கை, மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் 20 பேருக்கு ஒரு பெரியவர் என்னும் விகிதத்தைப் பரிந்துரைத்தது. அந்த விகிதத்திலும், ஒரு குழந்தைக்கு 3 நிமிடம் வீதம் செலவிட்டால் எல்லாருக்கும் ஒரு சுற்று முடிக்க 1 மணி நேரம் ஆகும். ஆகவே நாள்தோறும் ஒவ்வொரு குழந்தைக்கும் பாடம் என்பதைவிட, உற்றுநோக்கி, எவருக்கு இன்று தேவை எனத் தேர்வதே நடைமுறையாக உள்ளது.

உளவியல் நோக்கு

கட்டங்களின் வரிசை பிற்கால உளவியல் முடிவுகளோடு பெரிதும் ஒத்துப்போகிறது. குழந்தைகள் ஒரு சொல்லைச் சொல்லத் தொடங்கும் முன்பே அதைப் புரிந்துகொள்கின்றனர். கண்முன் உள்ளவற்றுள் ஒன்றை இனங்காண்பது, எதுவும் துணையின்றி நினைவிலிருந்து மீட்பதைவிட எளிது. இரண்டாம், மூன்றாம் கட்டங்கள் இவ்வேறுபாட்டின்படியே அமைந்துள்ளன.

அஞ்சலின் லில்லார்டு, நிக்கோல் எல்சு-குவெசுட்டு ஆகியோர் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குலுக்கல் முறையில் மாண்ட்டிசோரிப் பள்ளியில் இடம் பெற்ற குழந்தைகள், இடம் கிடைக்காத குழந்தைகளுடன் ஒப்பிடப்பட்டனர். ஐந்து வயதினருள் முன்னவர் எழுத்தறிவு, கணக்கு, சமூகத் திறன்கள் ஆகியவற்றின் சில அளவீடுகளில் சிறந்து விளங்கினர். இம்முடிவு பள்ளிமுறை முழுமைக்கும் உரியது. மூன்று கட்டப் பாடத்தின் பயனை மட்டும் தனித்துக் காட்டுவதாகாது.

திறனாய்வுகள்

அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் ஏர்டு கில்பாட்ரிக்கு 1914 இல் வெளியிட்ட நூலில், மாண்ட்டிசோரியின் கோட்பாடுகள் காலத்தால் பின்தங்கியவை என்றும், அவருடைய கருவிகள் குழந்தையின் கற்பனைக்குப் போதிய இடம் தரவில்லை என்றும் கூறினார்.

மற்றொரு திறனாய்வு உரையாடலின் இயல்பைப் பற்றியது. மூன்று கட்டப் பாடத்தில் ஆசிரியர் கேட்கும் கேள்விகளுக்கு விடை அவருக்கு முன்பே தெரியும். குழந்தை சொல்லக்கூடிய விடையும் ஒரு சொல்லே. குழந்தையின் எண்ணத்தை அறிய இக்கேள்விகள் உதவா. உருசிய உளவியலாளர் லெவ் விகோத்சுக்கியின் (1896–1934) கருத்துகளைப் பின்பற்றுவோர், இருவரும் சேர்ந்து சிந்திக்கும் உரையாடலே மொழி வளர்ச்சிக்கு அடிப்படை என்பர்.

இதற்கு மறுமொழியாக, இப்பாடம் பெயர் கற்பிப்பதற்கு மட்டுமே உரியது என்றும், கதை கூறல், குழந்தை தன் வீட்டுச் செய்தியைச் சொல்லக் கேட்டல், நயத்தகு நடத்தைப் பாடங்கள் ஆகியவை மாண்ட்டிசோரி வகுப்பில் தனியே இடம்பெறுகின்றன என்றும் கூறப்படுகிறது. எனினும் பயிற்சி குறைந்த ஆசிரியரிடம் மூன்று கட்டங்களும் ஓர் ஒப்புவித்தல் சடங்காக மாறிவிடும் வாய்ப்பு உண்டு. முதற் கட்டத்திலிருந்து நேராக மூன்றாம் கட்டத்துக்குத் தாவுவதே அதன் பொதுவான அறிகுறி. "இது சிவப்பு, இது என்ன?" என உடனே கேட்கும்போது பாடம் தேர்வாகிவிடுகிறது.

பிற பயன்பாடுகள்

செகேன் தொடங்கிய சிறப்புக் கல்வித் துறையில் இம்முறை தொடர்ந்து பயன்படுகிறது. இரண்டாம் மொழி கற்பித்தலிலும், காய்கறி, பாத்திரம், உடல் உறுப்பு ஆகியவற்றின் பெயர்களை வீட்டில் பெற்றோர் கற்பிப்பதிலும் இது பயன்படுத்தப்படுகிறது. இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு கத்தரிக்காயும் ஒரு வெண்டைக்காயும் ஒரு பாடத்துக்குப் போதுமானவை.

இவற்றையும் பார்க்க

மரியா மாண்ட்டிசோரி
மழலையர் கல்வி
திண்ணைப் பள்ளி
சிறப்புக் கல்வி
லெவ் விகோத்சுக்கி